சிறுவாடும் வட்டிக் கடனும்: வீட்டுப் பணத்தில் ஆணும் பெண்ணும் ஏன் வேறு வேறாக நடக்கிறோம்?

2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தபோது நாங்கள் சென்னை ஓட்டேரியில் குடியிருந்தோம். அப்பா டிவியை விட்டு அசையவில்லை. அம்மா மட்டும் சமையலறைக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். பாட்டில் நிறைய துவரம்பருப்பு. அதை முறத்தில் கவிழ்த்ததும், அடியில் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுக் கட்டு வந்து விழுந்தது. பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்குள் இன்னொரு கட்டு. எண்ணிப் பார்த்தால் 38,500 ரூபாய்.

அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "இவ்ளோ பணம் கையில இருந்துச்சா? மாசாமாசம் 1,200 ரூபா வட்டி கட்டினு இருக்கேனே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எந்த வட்டி?" என்றார் அம்மா.

அப்போதுதான் அது வெளியே வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஃப்ரிட்ஜ், தண்ணீர் மோட்டார், அப்பாவின் பைக் மூன்றும் போயின. ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) கூட்டுறவுச் சொசைட்டியில் ஏற்கெனவே கடன் ஓடிக்கொண்டிருந்ததால், அப்பா வெளியே ஒருவரிடம் 40,000 ரூபாய் மூணு வட்டிக்கு வாங்கியிருந்தார். வீட்டில் கேட்டபோது சொசைட்டியில் எடுத்ததாகச் சொல்லிவிட்டார். மூணு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், வருடத்துக்கு 36 சதவீதம். பதினோரு மாதத்தில் அவர் கட்டிய வட்டி மட்டும் 13,200 ரூபாய். அதே பதினோரு மாதமும் அம்மாவின் பணம் பருப்புக்கு அடியில் ஒரு பைசா வட்டியில்லாமல் கிடந்தது.

"என்கிட்ட சொல்லியிருந்தா..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"சொல்லியிருந்தா இன்னிக்கு இது இருந்திருக்குமாங்க?"

இரண்டு பேர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆணும் பெண்ணும் பணத்தைக் கையாளும் விதம் ஏன் வேறுபடுகிறது என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வருகிறது. அம்மா மறைத்தது சேமிப்பை. அப்பா மறைத்தது கடனை. நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கின்றன. பணத்தைப் பற்றி இப்போதுதான் யோசிக்கத் தொடங்கும் ஒருவருக்கு இதன் காரணங்களை எளிமையாகச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஆண்கள் இப்படி, பெண்கள் அப்படி என்பதெல்லாம் சராசரிக் கணக்கு. கை இறுக்கமான ஆண்களும் உண்டு, துணிந்து கடன் வாங்கித் தொழில் செய்யும் பெண்களும் உண்டு. பிறவிக் குணத்தில் காரணத்தைத் தேடுவதைவிட, யார் கையில் எந்தப் பணம் வருகிறது, எந்தச் செலவுக்கு யார் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலான விஷயங்கள் விளங்கிவிடும்.

செலவாளி யார்?

"பொம்பளைங்க கையில காசு நிக்காது" என்பார்கள். ஒரு மாதத்து ஜிபே கணக்கை எடுத்துப் பாருங்கள். மனைவியின் போனில் நூறு, நூற்றைம்பது வரிகள் இருக்கும்: ஆவின் பால், கீரை, பூ, ஸ்கூல் வேன், கேஸ், ஆயாவுக்கு பிபி மாத்திரை, பிள்ளையின் பிராஜெக்டுக்குச் சார்ட் பேப்பர். கணவரின் போனில் இருபது வரிகள்கூட இருக்காது. ஆனால் அதில் பைக் இஎம்ஐ இருக்கும், வாடகை இருக்கும், நண்பனுக்குக் கைமாற்றாகக் கொடுத்த பத்தாயிரம் இருக்கும். தினமும் பர்ஸைத் திறப்பவரே கண்ணில் படுகிறார். வருடத்துக்கு ஒரு முறை எண்பதாயிரத்துக்கு டிவி வாங்குபவர் செலவாளி என்று பெயரெடுப்பதில்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கணவர் கையில் இருக்கும் பெரிய செலவுகளில் பல மாதாமாதம் மாறாதவை. வீட்டுக் கடன் இஎம்ஐ இந்த மாதம் எவ்வளவோ, அநேகமாக அடுத்த மாதமும் அவ்வளவுதான். மனைவி கையில் இருப்பவையோ விலைவாசியோடு ஏறி இறங்குபவை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசே சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அந்த மாதம் எத்தனை வீடுகளில் 'வீட்டுச் செலவுக்கு' என்று கொடுக்கும் தொகையைக் கூட்டிக் கொடுத்திருப்பார்கள்? அதே பதினைந்தாயிரம்தான் கைக்கு வரும். தக்காளி ஏறினால் ரசம் புளியில் நடக்கும், இரண்டு நாள் குழம்பு மூன்று நாளைக்கு இழுக்கும். பொருள்களின் விலை இப்படிப் பரவலாக ஏறுவதைத்தான் பொருளாதாரத்தில் பணவீக்கம் என்கிறார்கள். அது வீட்டுக்குள் நுழையும் வழி சமையலறை. அதனால்தான் "பணம் பத்தலைங்க" என்ற பேச்சு முதலில் பெண்ணின் வாயிலிருந்து வருகிறது. அதைக் கேட்பவருக்கு அவர் அதிகம் செலவழிப்பது போலத் தோன்றிவிடுகிறது.

பெண் என்பதாலேயே வரும் செலவுகளும் உண்டு. ஐடி கம்பெனிகள் நிறைந்த ஓஎம்ஆரில் இரவு பத்து மணிக்கு ஷிஃப்ட் முடிந்தால் ஆண் ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு வந்துவிடுவார். அதே நேரத்தில் வரும் பெண் தனி ஆட்டோவோ காரோ பிடிக்கிறார். ஒரே சம்பளம் வாங்கினாலும் மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவது ஒன்றாக இருக்காது. இன்னொரு பக்கம், 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. பூ விற்பவர், வீட்டு வேலை செய்பவர் கையில் ஒரு நாளைக்கு இருபது, முப்பது ரூபாய் நிற்கிறது என்றால் மாதத்துக்கு அது ஒரு மூட்டை அரிசியில் பாதி.

பணம் யார் கைக்குப் போனால் எதற்குச் செலவாகிறது என்பதற்கு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. பிரிட்டனில் 1970களின் பிற்பகுதியில், குழந்தைகளுக்கான அரசுச் சலுகை தந்தையின் சம்பளத்தில் வரிக்கழிவாகச் சேர்வது மாறி, தாயின் கையில் பணமாகக் கிடைக்கத் தொடங்கியது. லண்ட்பெர்க், பொல்லாக், வேல்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1997-ல் வெளியிட்ட கட்டுரையில் அதன் விளைவைக் காட்டினார்கள். ஆண்களின் உடைச் செலவோடு ஒப்பிட்டால் பெண்கள், குழந்தைகளின் உடைச் செலவு கூடியிருந்தது. டங்கன் தாமஸ் என்ற பொருளியலாளர் 1990-ல் பிரேசில் குடும்பங்களை ஆராய்ந்து, தாயின் கைக்கு வரும் பணம் பிள்ளைகளின் உடல்நலத்துக்குத் தந்தையின் கைக்கு வருவதைவிட அதிகம் உதவுவதைக் கண்டார். 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் மாதம் 1,000 ரூபாய் குடும்பத் தலைவியின் கணக்குக்கே நேராகப் போவது ஏன் முக்கியம் என்பதை இந்த ஆய்வுகளோடு சேர்த்துப் பார்த்தால் புரியும்.

சேமிப்பு: பருப்பு டப்பா, நகை, சீட்டு

வீட்டுச் செலவுப் பணத்தில் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி, யாருக்கும் சொல்லாமல் வைக்கும் பணத்துக்குத் தமிழில் சிறுவாடு என்று பெயர். இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது என்றால் இந்தப் பழக்கம் எவ்வளவு காலமாக, எத்தனை வீடுகளில் இருந்திருக்க வேண்டும்! அஞ்சறைப் பெட்டி, அரிசிப் பானை, சுருக்குப் பை, முந்தானை முடிச்சு என்று அதற்கு இருந்த இடங்களும் பல. தனக்கென்று வருமானம் இல்லாதவர், கேட்காமல் எடுத்துச் செலவழிக்கக் கூடிய ஒரே பணம் அது. அம்மா வீட்டில் ஒரு சாவு என்றால் பஸ் ஏற, தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து என்றால் மொய் எழுத, ராத்திரியில் பிள்ளைக்கு ஜுரம் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட அது உதவியிருக்கிறது.

சிறுவாட்டுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது வளராது. விலைவாசி வருடத்துக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். டப்பாவில் வைத்த ஒரு லட்சம் பத்து வருடம் கழித்தும் ஒரு லட்சமாகவே இருக்கும், ஆனால் இன்றைய கணக்கில் சுமார் 61,000 ரூபாய்க்கு உள்ள பொருளைத்தான் அதைக் கொண்டு வாங்க முடியும். அதே பணம் 7 சதவீதக் கூட்டு வட்டியில் இருந்திருந்தால் ஏறக்குறைய 1,97,000 ரூபாய் ஆகியிருக்கும். கூட்டு வட்டி என்பது வேறொன்றும் இல்லை, போன வருடம் வந்த வட்டிக்கும் சேர்த்து இந்த வருடம் வட்டி வருவது.

அடுத்தது நகை. பெண்கள் ஏன் தங்கத்தின் மேல் இவ்வளவு ஆசை வைக்கிறார்கள் என்று கேட்பவர்கள், அவர்கள் பெயரில் வேறு என்ன சொத்து இருந்தது என்றும் கேட்க வேண்டும். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது 1989-ல்தான். நாடு முழுவதற்கும் அது வந்தது 2005-ல். அதற்கு முன்பு மனை, நிலம் பெரும்பாலும் அண்ணன் தம்பிகளுக்கு, மகளுக்கு நகை. அந்த நகைதான் அவளுடைய பங்கு, அவளுடைய இன்சூரன்ஸ், அவசரத்துக்கு அரை நாளில் பணமாக மாறும் ஒரே பொருள். வருமான வரித் துறையின் 1994-ஆம் ஆண்டு அறிவுறுத்தலே, சோதனையின்போது திருமணமான பெண்ணிடம் 500 கிராம், திருமணமாகாத பெண்ணிடம் 250 கிராம், ஆணிடம் 100 கிராம் வரை உள்ள நகையைக் கைப்பற்ற வேண்டாம் என்கிறது. இந்த வித்தியாசத்திலேயே நம் வீடுகளில் யாருடைய சொத்து எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது.

ஆனால் சேமிப்பு என்று நினைத்து நகை வாங்கும்போது செய்கூலி, சேதாரத்தைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். உஸ்மான் ரோட்டில் ஒரு லட்ச ரூபாய்த் தங்கத்துக்கு 12 சதவீதம் சேதாரம், மேலே 3 சதவீதம் ஜிஎஸ்டி என்றால் நாம் கொடுப்பது 1,15,360 ரூபாய். மறுநாளே விற்கப் போனால் அந்த 15,360 திரும்பி வராது. போட்டுக்கொள்ள ஆசை என்றால் தாராளமாக வாங்கலாம், அந்த ஆசையில் ஒரு தப்பும் இல்லை. சேமிப்பு மட்டுமே நோக்கம் என்றால் சேதாரம் குறைந்த நாணயமோ, தங்க விலையோடு ஏறி இறங்கும் பங்குச் சந்தை யூனிட்டான தங்க ஈடிஎஃப்போ பொருத்தம்.

மூன்றாவது சீட்டு. இருபது பேர் மாதம் 5,000 போட்டால் ஒரு லட்சம். அவசரம் உள்ளவர் 25,000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, 75,000-க்கு எடுக்கிறார். சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மீதி 20,000 இருபது பேருக்கும் ஆளுக்கு ஆயிரமாகப் பிரியும். கடனும் சேமிப்பும் ஒரே இடத்தில் நடப்பதால், பேங்க் படி ஏறத் தயங்கிய பெண்களுக்கு இது பெரிதும் கைகொடுத்தது. 1982-ஆம் ஆண்டுச் சிட் ஃபண்ட் சட்டப்படி சீட்டு பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பக்கத்துத் தெரு அக்கா நல்லவர் என்பதற்காகப் பதிவில்லாத தீபாவளிச் சீட்டில் பணம் கட்டினால், அவர் காணாமல் போகிற அன்று கையில் ஒரு சின்ன நோட்டைத் தவிர எதுவும் இருக்காது. என் சித்தி அப்படித்தான் இரண்டு வருடச் சேமிப்பை இழந்தார். வெளியே சொல்லவே அவருக்கு ஆறு மாதம் ஆனது, ஏனென்றால் சித்தப்பாவுக்குத் தெரியாமல் கட்டிய பணம் அது. மறைத்துச் சேர்க்கும் பணம் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுப்பதுகூட எளிதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆண்களின் சேமிப்பு வேறு மாதிரி. பிஎஃப், எல்ஐசி, வண்டலூருக்கு அந்தப் பக்கம் ஒரு மனை என்று எல்லாம் அவர் பெயரில், எழுத்தில் இருக்கும். பல நேரங்களில் அவர் உட்கார்ந்து திட்டமிட்டதுகூட இல்லை, சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். ஆக, ஒருவருடைய சேமிப்பு தானாக வளர்கிறது. இன்னொருவருடையது தினமும் கையால் கட்டிக் காக்கப்பட்டு, வளராமல் கிடக்கிறது.

துணிச்சலும் 'தெரியாது' என்பதும்

பங்குச் சந்தையில் ஆண்கள் துணிச்சலானவர்கள், பெண்கள் பயந்தவர்கள் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. பார்பர், ஓடியன் என்ற இருவர் அமெரிக்காவில் 1991 முதல் 1997 வரை 35,000 வீடுகளின் பங்கு வர்த்தகக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். ஆண்கள் பெண்களைவிட 45 சதவீதம் அதிகமாக வாங்கி விற்றிருந்தார்கள். அப்படி வாங்கி விற்றதால் ஆண்களின் வருட லாபம் 2.65 சதவீதப் புள்ளி குறைந்தது, பெண்களுக்கு 1.72. இங்கேயும் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2023-24-ல் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற, விலை ஏறுமா இறங்குமா என்று கணித்துப் போடும் ஒப்பந்தங்களில் இறங்கிய ஆண்களில் 91.9 சதவீதம் பேருக்கு நஷ்டம், பெண்களில் 86.3 சதவீதம் பேருக்கு நஷ்டம். இருவருக்குமே அது பள்ளம்தான், போகாமல் இருப்பதே நல்லது. ஆனாலும் தயக்கம் என்று நாம் சொல்வதில் பாதி நிதானம் என்பது இதில் தெரிகிறது.

மீதிப் பாதி உண்மையிலேயே தயக்கம், அதற்கு விலையும் உண்டு. அன்னாமரியா லுசார்டியும் மற்ற ஆய்வாளர்களும் நெதர்லாந்தில் வட்டி, பணவீக்கம், ரிஸ்க் பற்றி எளிய கேள்விகள் கேட்டபோது, பெண்கள் அதிகமாக 'தெரியாது' என்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வாய்ப்பை எடுத்துவிட்டு அதே கேள்விகளைக் கேட்டால், பல பெண்கள் சரியான விடையைச் சொன்னார்கள். ஆண், பெண் இடைவெளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தன்னம்பிக்கை சம்பந்தப்பட்டது என்று கணக்கிட்டார்கள். "எனக்கு அதெல்லாம் தெரியாதுப்பா, அவரைக் கேளு" என்று சொல்லும் எத்தனை பேர் சீட்டுத் தள்ளுக் கணக்கை மனத்திலேயே போடுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தள்ளி எடுப்பதா, கடைசி வரை காத்திருப்பதா என்று முடிவெடுக்கத் தெரிந்தவருக்கு மியூச்சுவல் ஃபண்ட் புரியாமல் போகாது.

இடையில் நின்றுபோன எட்டு வருடம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் விட்டுவிட முடியாது. 2024-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடம் அதில் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். குழந்தை பிறந்ததும் வேலையை விடுபவர் யார் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும். வருடத்துக்கு 60,000 ரூபாயை 7 சதவீதத்தில் 25 வயது முதல் 60 வரை போட்டால் சுமார் 83 லட்சம் சேரும். 30 முதல் 38 வரை எட்டு வருடம் நின்றுவிட்டு மறுபடி தொடர்ந்தால் சேருவது சுமார் 55 லட்சத்து 67 ஆயிரம். போடாமல் விட்டது 4.8 லட்சம்தான், குறைந்தது 27 லட்சம். ஆரம்ப வருடங்களில் போடும் பணத்துக்குத்தான் வளர நிறைய காலம் கிடைக்கிறது. பிள்ளைக்காக மனைவி வீட்டில் இருக்கும் வருடங்களில், அவர் பெயரில் மாதம் இவ்வளவு என்று கணவர் தொடர்ந்து போட்டால் இந்தப் பள்ளம் பெருமளவு தூர்ந்துவிடும். அதை உதவி என்று நினைக்க வேண்டியதில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் கணவர் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் சம பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றமே 2023 ஜூனில் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

கவலைகள்

பணம் போதவில்லை என்பது இருவருக்கும் பொதுவான கவலை. அதற்கு மேல் பிரிந்துபோகின்றன.

"உத்தியோகம் புருஷ லட்சணம்" என்று கேட்டு வளர்ந்த ஆணுக்கு வேலை போவது பணக் கஷ்டம் மட்டும் இல்லை, மானப் பிரச்சினை. வேலை போன பிறகும் இரண்டு மாதம் தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி, எழும்பூர் கன்னிமரா நூலகத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு ஆறு மணிக்கு வீடு திரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும். அந்த இரண்டு மாதமும் வீட்டுக்குச் 'சம்பளம்' கொடுக்க கிரெடிட் கார்டிலும் கடன் ஆப்களிலும் வாங்கிக்கொண்டிருந்தார். மனைவிக்குத் தெரிந்திருந்தால் முதல் வாரமே செலவைக் குறைத்திருப்பார், நகையை அடகு வைத்தாவது குறைந்த வட்டியில் சமாளித்திருப்பார்கள். என் அப்பாவும் அதையேதான் செய்தார். சமாளிக்க முடியாதவன் என்று வீட்டில் நினைத்துவிடுவார்களோ என்ற பயம் 13,200 ரூபாய் வட்டியாகப் போனது.

பெண்களின் கவலை அநேகமாக 'இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்' என்று தொடங்கும். அதில் காரணம் இருக்கிறது. 2016-20 காலத்து மாதிரிப் பதிவுக் கணக்கின்படி இந்தியாவில் ஆணின் சராசரி ஆயுள் 68.6, பெண்ணுடையது 71.4. மனைவி வயதிலும் இளையவராக இருப்பதால், கடைசிச் சில வருடங்களைத் தனியாக வாழ வேண்டி வருவது பெரும்பாலும் அவருக்குத்தான். எங்கள் தெருவில் ஒரு அக்காவின் கணவர் 52 வயதில் திடீரென்று இறந்தார். எந்த பேங்கில் என்ன இருக்கிறது, பாலிசி இருக்கிறதா என்று எதுவும் அக்காவுக்குத் தெரியவில்லை. போனைத் திறக்க நம்பர்கூடத் தெரியாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, இரண்டு பேர் வந்து அவர் கடன் வாங்கியிருப்பதாகச் சொன்னார்கள். அது உண்மையா பொய்யா என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை.

இந்தக் கவலைக்கு மருந்தாகச் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாமினி என்பவர் பேங்கிலிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உள்ளவர், அவ்வளவுதான். பணம் சேர வேண்டியது சட்டப்படியான வாரிசுகளுக்கு. இந்து வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒரு ஆண் இறந்தால் மனைவி, மகன், மகள், அவருடைய அம்மா எல்லோருக்கும் பங்கு உண்டு. பெண்ணுக்கு விதி வேறு, அதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணவரை இழந்த, பிள்ளையும் இல்லாத ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்த பணம்கூட முதலில் கணவருடைய வாரிசுகளுக்குப் போகும். பெற்ற அம்மா அதற்குப் பிறகுதான். ஆகவே சம்பாதிக்கும் பெண்கள் உயில் எழுதி வைப்பது மிக அவசியம். வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் போதும். முத்திரைத் தாள் வேண்டாம், பதிவு செய்வதும் கட்டாயம் இல்லை.

கடன் உள்ள கணவர்கள் டேர்ம் இன்சூரன்ஸ் (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) எடுக்கும்போது, திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம், 1874-இன் கீழ் எடுப்பதாகக் குறிப்பிட்டால், அந்தப் பணம் மனைவி, பிள்ளைகளுக்கான அறக்கட்டளைப் பணமாக நிற்கும். கடன் கொடுத்தவர்கள் அதில் கை வைக்க முடியாது. விண்ணப்பிக்கும்போதே சொல்ல வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. பத்து வருடம் கேட்பாரற்றுக் கிடந்த வைப்புத் தொகைகளைத் தேட ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கிய உத்கம் என்ற இணையதளம் இருக்கிறது. அந்த அக்காவுக்கு இதையெல்லாம் முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். நானும் சொல்லவில்லை.

பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தை இருந்தால் தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்கு. வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 2024 ஜனவரியில் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல் பெண் பெயரில் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. மனை வாங்கும்போது யார் பெயரில் என்ற பேச்சை எடுக்க இது ஒரு நல்ல சாக்கு.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நோட்டு வேண்டும். அந்த நவம்பரில் பழைய நோட்டுகளை அம்மா பெயரில் கணக்குத் தொடங்கிக் கட்டிவிட்டு வந்த மறுவாரம், என் வற்புறுத்தலால் இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தார்கள். நூறு பக்கக் கோடு போட்ட நோட்டு. முதல் பக்கத்தில் யாரிடம் எவ்வளவு கடன், என்ன வட்டி. அப்பா எழுத இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார். அவ்வளவு நேரமும் அம்மா ஒரு வார்த்தை பேசாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்த மௌனம் இல்லாவிட்டால் அவர் எழுதியிருக்க மாட்டார் என்று இப்போதும் நினைக்கிறேன். இரண்டாம் பக்கத்தில் கணக்கு எண்கள், பாலிசிகள், நாமினி யார், பத்திரம் எங்கே. மூன்றாம் பக்கத்தில் வீட்டுச் செலவுக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று அம்மா எழுதினார். பதினைந்தாயிரம் என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தது பத்தொன்பதாயிரத்தைத் தொட்டது. மீதியை எதிலிருந்து ஈடுகட்டினார் என்று அப்பா கேட்க, தன் தையல் காசு என்றார் அம்மா. அந்த மாதமே மூணு வட்டிக் கடன், பெரும்பகுதி அம்மாவின் பணத்தில், அடைந்தது. அதுவரை வட்டிக்குப் போன 1,200 ரூபாய் அம்மா பெயரில் தபால் நிலைய ஆர்டியாக (மாதாமாதம் கட்டும் சேமிப்பாக) மாறியது.

அந்த நோட்டு இன்றும் பீரோவில் இருக்கிறது. வருடா வருடம் பொங்கலுக்கு முன்னால் எடுத்துத் திருத்தி எழுதுகிறார்கள். கடைசிப் பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில் 'சிறுவாடு' என்று ஒரு வரி இருக்கிறது. எதிரே தொகை இல்லை. அப்பா அதை நிரப்பச் சொல்லிக் கேட்டதும் இல்லை.